புயலுக்கு முன் சாமான் சேகரித்தல்: மேகமலை வாசிகள் கவனிக்க வேண்டியவை

புயல் என்பது கடற்கரை வாசிகளை மாத்திரம் சேர்ந்த விஷயம் என்ற எண்ணம் மலைப் பிரதேசங்களில் இன்னும் நீங்கியபாடில்லை. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல் கரையோடு நின்றுவிடவில்லை. வலுக் குறைந்தபோதிலும், உள் ஜில்லாக்களின் வழியாக மேற்கே சென்று, மலைத் தொடரைத் தாண்டி, அன்று மாலைக்குள் கேரளத்தை அடைந்தது. வழியில் கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து பாதைகள் அடைபட்டன. ஈரக்காற்று மலைச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்வதால், காற்றின் வேகம் தணிந்த பின்னரும் மழை மிகுதியாகப் பெய்யக்கூடும்.

மலைவாசிகளுக்குப் பெரிய அபாயம் காற்றன்று, பாதை அடைபடுவதேயாம். சின்னமனூரிலிருந்து தென்பழனி வழியாக ஏறும் மலைப்பாதை, காட்டினூடே பல கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. ஒரு பெருமரம் விழுந்தாலும், சிறிது மண் சரிந்தாலும், மணலாறு, இரவங்கலாறு முதலிய இடங்களுக்குச் சாமான் ஏறுவது நின்றுவிடும்.

வானிலை இலாகா புயலைப் பற்றி நான்கு படிகளில் எச்சரிக்கை விடுக்கிறது: 72 மணிக்கு முன் முதலாவது, 48 மணிக்கு முன் இரண்டாவது, 24 மணிக்கு முன் மூன்றாவது. கரை கடக்க 12 மணிக்கு முன் வெளியாகும் நான்காவது, புயல் உள்நாட்டில் எத்திசையில் செல்லும் என்பதைக் கூறுவது. மலைவாசிகளுக்கு இதுவே நேரடியாக உரியதெனினும், இதற்காகக் காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. அதற்குள் லாரி கிடைப்பதும் அரிது, கடையில் சரக்கு மிஞ்சுவதும் அரிது.

ஐந்து பேருள்ள குடும்பத்திற்கு நாளொன்றுக்கு 2 கிலோ அரிசி என வைத்தால், ஒரு வாரத்திற்கு 14 கிலோ வேண்டும். பருப்பு, உப்பு, எண்ணெய், குழந்தைகளுக்குப் பால்மாவு ஆகியவையும் அவசியம். தீப்பெட்டி மூடியுள்ள தகர டப்பாவில் இருக்கட்டும். நமுத்துப்போன தீப்பெட்டியைக் கொண்டு அடுப்பு மூட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். விறகைக் கூரைக்குள் சேர்த்தல் வேண்டும். ஓடை நீர் கலங்கிவிடுமாதலால் குடிநீரை முன்னரே பிடித்து வைப்பதுடன், கலங்கிய நீரைத் தெளியவைத்துக் காய்ச்சியே பருக வேண்டும். நீரிழிவு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பதினைந்து நாள் மருந்தைக் கையில் வைத்திருப்பது உத்தமம்.

ஆயினும், மாதச் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தோட்டத் தொழிலாளி, எச்சரிக்கை மாதக் கடைசியில் வருமாயின் என்ன செய்வார்? கையில் பணமுள்ளவர்கள் மூட்டையாக வாங்கிச் சென்ற பின், மிஞ்சியதை அதிக விலைக்குக் கடனாக வாங்க நேரிடும். சங்கம் தலையிட வேண்டிய இடம் இதுவே. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், செப்டம்பர் மாதத்திலேயே நிர்வாகக் கமிட்டி கூடி, மொத்தக் கொள்முதலுக்குத் தீர்மானம் செய்யலாம். அங்கத்தினர்களுக்கு அடக்க விலைக்கே கொடுத்து, கிரயத்தை அடுத்த இரண்டு மூன்று சம்பளங்களில் தவணையாகப் பெறலாம். எல்லோரும் ஒரே நாளில் கடைக்கு ஓடவேண்டிய அவசியமும் இராது.

மலையின் ஈரத்தில் அரிசி விரைவில் பூசணம் பிடிக்கும். மூட்டைகளைச் சுவரினின்று ஒரு முழம் தள்ளிப் பலகைமேல் அடுக்கி, பழைய சரக்கை முதலில் விநியோகித்துப் புதியதை நிரப்பி வரவேண்டும். கிடங்குச் சாவி ஒன்று மலைமேல் வசிக்கும் அங்கத்தினர் ஒருவரிடம் இருத்தல் அவசியம். மாலையில் சின்னமனூருக்கு இறங்கிவிடும் குமாஸ்தாவின் மடியில் அது இருந்தால், நிறைந்த கிடங்கும் பூட்டியே கிடக்கும்.