ஊர் சென்று திரும்பியபின் வரும் காய்ச்சல்

காய்ச்சல் தனியொரு நோயன்று. கிருமியை எதிர்கொள்ளும் வெள்ளையணுக்கள் வெளியிடும் பொருள்களால் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் எனும் வெப்பச்சீராக்க மையத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் பெருகி, உடல் பேணவேண்டிய வெப்ப அளவை அது உயர்த்திவிடுவதால் தோன்றும் அறிகுறியே காய்ச்சல். அந்தப் புதிய அளவை எட்டும்வரை தோலின் குருதிக்குழாய்கள் சுருங்கிக் கைகால்கள் சில்லிடுகின்றன, தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெப்பமானி 39 பாகை காட்டும்போதும் நோயாளி போர்வை கேட்பது இதனால்தான். பரசிட்டமோல் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைக் குறைப்பதால் உடல் வியர்த்துக் குளிர்கிறது, ஆனால் காய்ச்சலின் காரணம் தீர்வதில்லை.

ஒஸ்லோவின் கிழக்கெல்லையை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் குளிர்காலக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் இன்புளுவென்சா போன்ற வைரசுகளே காரணம் என்பதால், குடும்ப மருத்துவர் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து, அழற்சியின்போது கல்லீரல் சுரக்கும் சிஆர்பி என்ற புரதத்தை அளந்து பார்த்து, பாக்டீரியாத் தொற்றுக்கான அடையாளம் இல்லையெனில் ஓய்வும் நீராகாரமும் போதுமென்று அனுப்பிவிடுவதுண்டு. மருந்து தரவில்லையே என்று பெற்றோர் மனம் வருந்தினாலும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யாதாகையால் அது சரியான முடிவே. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகை கண்டால் மட்டும் காத்திருத்தல் கூடாது.

ஆனால் அதே நோயாளி நத்தார் விடுமுறையில் யாழ்ப்பாணமோ சென்னையோ சென்று வந்தவராயின் கணக்கு முற்றிலும் மாறுகிறது. வடகீழ்ப் பருவமழையை ஒட்டி யாழ்ப்பாணத்தில் பெருகும் டெங்கு, நுளம்பு கடித்த நாளிலிருந்து பெரும்பாலும் 4 முதல் 10 நாள்களுக்குள் திடீரென்று கடுங்காய்ச்சலாகவும் கண்ணுக்குப் பின்புறத்து வலியாகவும் வெளிப்படுவதால், நாடு திரும்பி ஒரு மாதம் கழித்து வரும் காய்ச்சல் டெங்காக இருக்க இயலாது. டெங்கில் அஞ்சவேண்டிய வேளை காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதன்று, அது தணியும்போதுதான். அந்த ஓரிரு நாள்களில் குருதிநீர் நுண்குழாய்களிலிருந்து கசிந்து இரத்த அழுத்தம் வீழக்கூடும் என்பதால், காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலியோ இடைவிடாத வாந்தியோ இரத்தக்கசிவோ கண்டால் உடனே மருத்துவமனை சேரவேண்டும். நோர்வேயின் பலசரக்குக் கடைகளிலும் கிடைக்கும் இபுப்ரோஃபென், அஸ்பிரினைப் போலவே இரத்தக்கசிவைத் தூண்டக்கூடியதாகையால், டெங்கு இல்லையென்று உறுதியாகும்வரை பரசிட்டமோல் மட்டுமே, அதுவும் உரிய அளவில், பயன்படுத்தத்தக்கது.

நெருப்புக்காய்ச்சல் எனப்படும் தைபொயிட் இதற்கு நேர்மாறாக நாளுக்கு நாள் படிப்படியாக ஏறி இறங்காது நிற்பது. அசுத்தமான நீர், உணவு வழியே வரும் பாக்டீரியாவால் உண்டாவதால், இதற்கு நுண்ணுயிர்க்கொல்லி இன்றியமையாதது. எந்த மருந்துக்குக் கிருமி பணியும் என்பதை இரத்த வளர்ப்புச் சோதனையே காட்டும்.

மலேரியா அற்ற நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இந்தியாவில் அந்நோய் இன்னும் உண்டு. இதன் வகைகளுள் ஃபல்சிபாரம் சில மணிநேரங்களிலேயே உயிராபத்தாக முற்றக்கூடியது என்பதால், ஐயம் எழுந்த அன்றே 116117 என்ற எண்ணில் அவசர மருத்துவச் சேவையை அழைத்தோ, லோறென்ஸ்கூக்கிலேயே உள்ள ஆக்கர்ஷூஸ் பல்கலைக்கழக மருத்துவமனைபோன்ற இடத்திற்குச் சென்றோ இரத்தச் சோதனை செய்துகொள்ளவேண்டும். உயிர் ஊசலாடும் நிலையில் அழைக்கவேண்டியது 113. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் காய்ச்சலுமாக வரும் வைவாக்ஸ் வகையோ கல்லீரலில் பல மாதங்கள் உறங்கிக்கிடந்து மீண்டும் எழக்கூடியதாகையால், சென்ற ஆண்டின் இந்தியப் பயணத்தையும் மருத்துவரிடம் மறவாது சொல்லவேண்டும்.