சரிவில் இறங்கும் உடம்பு

கொழுந்து நிறைந்த கூடையோடு மலையிலிருந்து இறங்கும் பெண்ணின் காலைப் பாருங்கள். நேராக இறங்கமாட்டார். பாதத்தைச் சரிவுக்குக் குறுக்கே திருப்பி, அதன் ஓரத்தை மண்ணில் பதித்து, வளைந்து வளைந்து வருவார். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை இது.

நம் மலையில் ஜனவரி, பெப்ரவரி உறைபனி கொழுந்தைக் கருக்கும்; அதற்குமேல் பனியை நாம் பார்த்ததில்லை. ஆனால் பனிமலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சறுக்கு வீரர் செய்வதும் இதைத்தான். பலகையின் இரும்பு விளிம்பைச் சாய்த்துப் பனியில் பதித்தால் திரும்பலாம், வேகத்தை அடக்கலாம். தட்டையாக விட்டால் மலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்குக் கால் கட்டாயம் வேண்டுமா? 2022 பெய்ஜிங் குளிர்கால பாராலிம்பிக்கில் ஜப்பானின் ஆல்பைன் சறுக்கு அணி வென்ற 6 பதக்கங்களும் உட்கார்ந்தபடி சறுக்கியவர்கள் வென்றவை. மொமோகா முராவோகாவுக்கு 3 தங்கமும் ஒரு வெள்ளியும். தாய்க்கி மோரிக்கு 2 வெண்கலம். உடம்பின் அளவுக்கே வார்த்த இருக்கை, அதன் கீழே மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற ஷாக் அப்சார்பர், அதற்கும் கீழே ஒரே ஒரு பலகை. நாம் இறங்கும்போது முழங்கால் மடங்கும். தொடைத் தசை நீண்டுகொண்டே இறுகி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அந்த வேலையை இங்கே ஷாக் அப்சார்பர் ஏற்கிறது. விளிம்பைச் சாய்ப்பது இடுப்பும் தோளும். கைகளில், நுனியில் குட்டிப் பலகை பொருத்திய ஊன்றுகோல்கள்.

நின்று சறுக்குவோர், உட்கார்ந்து சறுக்குவோர், பார்வை குன்றியோர் என மூன்று பிரிவுகள். பார்வையற்றவருக்கு முன்னே வழிகாட்டி ஒருவர் சறுக்கியபடியே காதுக்கருவி வழியாகத் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு போவார், பதக்கம் இருவருக்கும். ஆனால் ஒரு கால் இழந்தவரும் ஒரு கை இழந்தவரும் ஒரே பிரிவில் மோதினால் எப்படி? உடற்குறையின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை அதனால் பெருக்குவார்கள். பேச்சுக்கு, 60 விநாடியில் இறங்கியவரின் எண் 0.80 என்றால், கணக்கில் 48 விநாடி. இதைச் சலுகை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடையின் பாரத்தைக் கழிப்பதில்லையா? கழிக்கிற அளவு சரியாக இருந்தால்தான் நிறுவை நியாயம். தோட்டத்துச் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விநாடியில் ஒரு பங்குக்காக இவ்வளவு நுணுக்கமாக உடம்பையும் சரிவையும் சேர்த்து அளக்கிறார்கள். நம் மலையில் கால் இழந்தவருக்கு யார் அளக்கிறார்கள்? கணுக்கால் அசையாத செயற்கைக் கால் சமதரையில் ஒத்துழைக்கும். இறக்கத்திலோ, பாதம் தரையில் படியும்போதே முழங்காலை முன்னே தள்ளிவிடும். ஆள் குப்புற விழுவார். 1960களின் இறுதியில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், ரப்பர் பாதம் பல பக்கமும் வளைவதால் மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுக்கும். செருப்பில்லாமல் சேற்றில் இறங்கலாம், குந்தலாம். போரில் கால் இழந்த எத்தனையோ பேரை இலங்கையில் நடக்கவைத்ததும் அதுதான். மலைநாட்டில் காலோ ஊன்றுகோலோ கொடுக்கும்போது, ஆளின் உயரத்தோடு அவர் வீட்டுப் பாதையின் சரிவையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

எங்கள் லயத்தின் தொங்கல் வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். அவர் ஊன்றுகோலின் ரப்பர் நுனி ஆஸ்பத்திரித் தரைக்கென்று செய்தது. மழை பெய்தால் செம்மண் அப்பிக்கொண்டு வழுக்கும். பழைய சைக்கிள் டயரை வெட்டி, வரிப்பள்ளம் வெளியே தெரிய, கம்பியால் நுனியைச் சுற்றிக் கட்டியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டு அவிழும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் நாங்கள் முறுக்கிக் கட்டிக் கொடுப்போம்.