ஊரறிந்த துப்பறிவாளன்

ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது. நம்மூர்ச் சிறுவன்கூட அதைப் பார்த்ததும் விலகி நடப்பான். உள்ளே யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கடல் கடந்து வந்த துப்பறியும் நிபுணர் அதே வாசலில் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு மணி நேரம் நின்றாலும், அவர் கண்ணில் படுவது ஒரு கொத்து இலை மட்டுமே!

இந்த வித்தியாசத்தையே முதலாக வைத்துப் பதினெட்டுத் துப்பறியும் நாவல்கள் எழுதிப் புகழ் பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் டோனி ஹில்லர்மன் (1925–2008). கதைகள் நடப்பது நவஹோ என்னும் பழங்குடி மக்களின் நாட்டில். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் அந்த வறண்ட பூமி, பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதிக்கும் அதிகம். கதாநாயகர்கள் இருவர்: ஜோ லீப்ஹார்ன், ஜிம் சீ. இருவரும் அந்த மக்களிடையே பிறந்து, அந்த மக்களின் சொந்தப் போலீஸ் படையிலேயே உத்தியோகம் பார்ப்பவர்கள்.

பாலைவனத்தில் ஒரு குடிசை. அதன் வடக்குச் சுவரில் ஒரு பெரிய துவாரம். அந்நியனுக்கு அது பாழடைந்த குடிசை. நவஹோப் போலீஸ்காரருக்கோ அது ஒரு சாட்சி. உள்ளே ஒரு மரணம் நேர்ந்திருக்கிறது. பிரேதத்தை அவ்வழியே வெளியேற்றிவிட்டு, வீட்டைக் கைவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பது அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும். யாரையாவது விசாரிக்கப் போனாலும் அவர் கதவைத் தட்டுவதில்லை. வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர் தாமாக வெளியே வரும்வரை காத்திருப்பார். அதுதான் அங்கே மரியாதை. அவசரப்படுகிறவனுக்கு அங்கே ஒரு வார்த்தைகூடக் கிடைக்காது!

முதல் நாவலான ‘தி பிளெஸ்ஸிங் வே’ 1970-ல் வெளிவந்தது. தேடப்பட்டு வந்த ஒரு வாலிபன் வாய் நிறைய மணலுடன் பிணமாகக் கிடக்கிறான். ஓநாய் உருவில் சூனியக்காரன் திரிகிறான் என்று ஜனங்கள் நடுங்குகிறார்கள். லீப்ஹார்ன் சூனியத்தை நம்புகிறவர் அல்ல. ஆனால் ஜனங்கள் நம்புகிறார்கள் என்பதை ஒருபோதும் மறக்காதவர். ஏரிக்கரையில் முனி நடமாடுகிறது என்று நம் கிராமத்தில் ஒரு வதந்தி கிளம்பினால், விவேகி என்ன கேட்பான்? ‘அந்தப் பக்கம் யாரும் போகாவிட்டால் யாருக்கு லாபம்?’ என்று கேட்பான். லீப்ஹார்ன் கேட்பதும் அதே கேள்விதான்.

இளையவரான சீயின் கதை இன்னும் சுவையானது. அவர் உடுப்பு போலீஸ் உடுப்பு. உள்ளமோ தம் குல வழியில் நோய் தீர்க்கும் சடங்குப் பாடல்களைப் பாடும் வைத்தியராக வேண்டும் என்று ஏங்குகிறது. அந்தப் பாடல்களை அவர் கற்பது யாரிடம் தெரியுமா? தம் தாய்மாமனிடம்!

கற்பனைக்கு அடியில் ஒரு கசப்பான சரித்திரமும் உண்டு. 1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களின் பயிர்களை அழித்து, ஆயிரக்கணக்கானோரை நூற்றுக்கணக்கான மைல் நடத்திச் சென்று சிறை வைத்தது. 1868-ல் உடன்படிக்கை ஏற்பட்டு அவர்கள் தாயகம் திரும்பினர். கால்நடைத் திருட்டு ஓயவில்லை. அதை அடக்க 1872-ல் அதிகாரிகள் தேடிப் போனது யாரை? தங்களோடு போரிட்ட நவஹோத் தலைவர் மானுவலிட்டோவையே! அவர் தலைமையில் நவஹோ வீரர்களைக் கொண்ட ஒரு காவல் படை அமைந்தது. காணாமற்போன கால்நடைகளை மீட்டுத் தருவதே அதன் முக்கிய வேலை.

இதைப் படிக்கும் புதுக்கோட்டைச் சீமை வாசகருக்கு ஒரு பழைய சொல் நினைவுக்கு வரும்: பாடிகாவல். ஊரைக் காக்கும் உரிமைக்கு வழங்கிய பெயர் அது. அந்த உரிமையை ஊரார் கூடி வலுவுள்ள தலைவர்களுக்கு விற்றுக் கொடுத்த செய்தியைப் புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிற்காலத்தில் தமிழகக் கிராமங்களில் வேரூன்றிய காவல் முறையின் விதி மிக எளியது. களவு போனால் காவல்காரன் பொருளைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். இல்லையேல் தன் கையிலிருந்து ஈடு கட்டவேண்டும். அப்படிப்பட்டவன் தடம் பார்க்கக் கற்காமல் இருப்பானா? எந்த மாடு எந்த வழியாகப் போயிற்று, எந்த ஊரில் யார் புதிதாகச் செலவு செய்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவனே துப்பறிவாளன், அவனே ஜாமீனும்!

கும்பினி ஆட்சிக்கு இந்த முறை பிடிக்கவில்லை. காவல் பணத்தை மிரட்டிப் பறிக்கும் பணம் என்றது. அந்தப் புகாரில் உண்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொடுக்க மறுத்த வீட்டில் களவு நடந்ததும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். கள்ளர் குலத்தில் தோன்றிய தொண்டைமான் மன்னர்கள் புதுக்கோட்டையில் 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை அரியணையில் வீற்றிருந்தனர். மதுரைப் பக்கத்திலோ, அந்த வகுப்பின் மற்றொரு கிளையினரான பிறமலைக் கள்ளர் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கினர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ல் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஓரிடத்தில் மகுடம், மற்றோரிடத்தில் கைரேகைப் பதிவு! யார் காவலன், யார் கள்வன் என்பதைச் சட்டம் எழுதியவன் பேனா தீர்மானித்துவிட்டது.

ஹில்லர்மன் நவஹோ அல்லர், வெள்ளையர். வெளியார் ஒருவர் அந்த மக்களின் கதையைச் சொல்லலாமா என்ற கேள்வி எழுந்ததுண்டு. ஆயினும் அவர் அவர்களை வேடிக்கைப் பொருளாக்கவில்லை. அறிவாளிகளாக, கடமை தவறாதவர்களாகக் காட்டினார். 1987-ல் நவஹோ மக்கள் அவரைத் தங்கள் தனி நண்பர் என்று விருதளித்துக் கௌரவித்தனர்.

தமிழில் துப்பறியும் கதைக்குப் பஞ்சமில்லை. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடியே உலகத்தையே சுற்றி வந்தார். ஆனால் பாடிகாவல் பரம்பரையில் வந்து, இன்று காக்கி உடுப்பு அணிந்து, பாட்டனார் சொன்ன தடக் கலையையும் தடய அறிவியலையும் ஒருங்கே கற்ற ஒரு புதுக்கோட்டைச் சப்-இன்ஸ்பெக்டரை எண்ணிப் பாருங்கள். குற்றவாளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்பதோடு, ஒரு குலத்தையே குற்றவாளி என்று எழுதியது யார் என்பதையும் அவர் துப்பறிந்தாக வேண்டும். இரண்டாவது வழக்குத்தான் கடினமானது. எழுதுகோல் பிடித்த இளைஞர்களே, அந்த வழக்கு உங்களுக்காகக் காத்திருக்கிறது!