பீர் கார்டன்னா என்ன? மரத்தடியில் உட்கார்ந்து குடிப்பது எதுக்கு?

தமிழ்நாட்டில் மதுபான சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். அங்கே கிடைப்பது ஆலையில் அடைத்த பீர். தொட்டியில் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் 'மைக்ரோ ப்ரூவரி'யைப் பார்க்க, சடையங்குப்பம் பசங்க பெங்களூருக்கு வண்டி ஏறலாம். இந்திராநகரில் 2010-ல் தொடங்கிய 'டாய்ட்' அதில் பிரபலம்.

ஜெர்மன் ஸ்டைல்னா?

பார்லி, கசப்பு தரும் ஹாப்ஸ் பூ, தண்ணீர். இவை மட்டுமே சேர்க்கணும் என 1516-ல் பவேரியாவில் சட்டம் போட்டார்கள். அந்தப் பாணிதான் இது.

மரத்தடி எப்படி வந்தது?

ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். மியூனிக்கில் பீரை நிலவறையில் வைத்து, மேலே நிழலுக்கு செஸ்ட்நட் மரம் நட்டார்கள். அந்த நிழலிலேயே பெஞ்ச் போட்டு வியாபாரமும் சூடு பிடித்தது. மற்ற கடைக்காரர்கள் கொதித்தார்கள். 'பீர் விற்கலாம், ரொட்டி தவிர சாப்பாடு விற்கக் கூடாது' என 1812-ல் மன்னர் உத்தரவிட்டார். அதனால்தான் அங்கே இன்றும் பல தோட்டங்களுக்கு வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போகலாம்.

போறவங்க கவனத்துக்கு

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டி வண்டி ஓட்டினால், முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'பீர்தானே சார்' என்ற சமாதானம் போலீஸின் ஊதும் கருவியிடம் எடுபடாது.