பெருங்குடற் புற்றுநோயும் நமது ஆகாரமும்

பெருங்குடலிலும் மலக்குடலிலும் உண்டாகும் புற்றுநோய் ஒரே நாளில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் சிறு சதைமுளையாகத் தொடங்கி, பெரும்பாலும் பத்து வருஷங்கள் அல்லது அதற்கு மேலும் சென்ற பின்னரே அது புற்றாக மாறுகிறது. ஆதலின் இதனைத் தடுப்பதற்கு அவகாசம் உண்டு.

தவிடு, பருப்புத்தோல், கீரை முதலியவற்றிலுள்ள நார்ப்பொருள் ஜீரணமாகாமல் பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்து ஒருவித அமிலத்தை உண்டாக்குகின்றன; அவ்வமிலமே குடற்சுவருக்குப் போஷணையாகிறது. மலமும் விரைவில் வெளியேறுவதால் தீய பொருள்கள் குடலில் தங்கும் நேரம் குறைகிறது. ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் வைத்தியம் செய்த டாக்டர் டெனிஸ் பர்க்கிட், இந்நோய்க்கும் நாரற்ற உணவுக்கும் உள்ள தொடர்பை 1971-ல் எடுத்துரைத்தார். தினம் 90 கிராம் முழுத்தானியம் உண்பதனால் அபாயம் நூற்றுக்கு 17 வீதம் குறைகிறதென்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியத்தின் 2018-ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது.

அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

1. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் நம்பாமல், கைக்குத்தல் அரிசி, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றையும் உண்ணுக.

2. தோலுடன் கூடிய பயறும், கீரையும், காய்கறியும் தினம் இருக்கட்டும்.

3. பாலிலும் கேழ்வரகிலும் சுண்ணாம்புச்சத்து உண்டு. பால் அருந்துவோருக்கு இந்நோய் குறைவாகவே காணப்படுகிறது.

4. உப்பிட்டும் புகையிட்டும் பதம் செய்த இறைச்சி புற்றுநோய் விளைவிப்பதென்று சர்வதேச ஆராய்ச்சி ஸ்தாபனம் 2015-ல் தீர்மானித்தது. அதை விலக்குக. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி அளவோடு இருத்தல் நலம்.

5. மதுவையும் புகையிலையையும் விடுக. தேக உழைப்பைக் கைவிடாதிருக்க.

இனி, சத்து மாத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 36,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகளைக் கொண்டு சுமார் ஏழு வருஷம் நடந்த சோதனையின் முடிவு 2006-ல் வெளியாயிற்று. சுண்ணாம்புச்சத்தும் டி வைட்டமினும் சேர்த்து உண்டவர்களுக்கு இப்புற்றுநோய் குறையவில்லை. போலிக் அமில மாத்திரையைச் சோதித்து 2007-ல் வெளியான முடிவும் அவ்விதமே. சதைமுளைகள் மீண்டும் தோன்றுவதை அது தடுக்கவில்லை. ஆகவே இந்நோயைத் தடுக்குமென்று நம்பிச் சங்கக் கடனையோ சேமிப்பையோ மாத்திரைகளில் செலவிடுவது வீண். அப்பணத்திற்குப் பயறும் கேழ்வரகும் வாங்கினால் குடும்பம் முழுவதும் பயனடையும். வேறு குறைக்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தலாகாது.

ஆகாரம் அபாயத்தைக் குறைக்குமேயன்றி அடியோடு நீக்காது. மலத்தில் இரத்தம் காணுதல், மலம் கழியும் வழக்கம் மாறி நீடித்தல், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவை தோன்றின், மூலவியாதியென்று எண்ணிக் கைமருந்தில் காலங் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுக. ஆரம்பத்தில் கண்டால் சஸ்திர சிகிச்சையினால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். காலந் தாழ்த்தினாலோ உயிருக்கே ஆபத்தாகும்.