கத்தி திறக்கும் பருவம்

கவ்வாத்து முடிந்த மலையைப் பற்றி வட்டவளையில் வாழும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பசுமை போய்க் குச்சிகளே எஞ்சும். மிலாறு லயத்து அடுப்புக்கு வரும். ஆனால் ஏறத்தாழ 3 மாதங்களுக்கு அம்மலையில் கொழுந்து கிடையாது. அந்த மலையை மனத்தில் நிறுத்திக்கொண்டு யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தை வாசியுங்கள்.

கனி தரும் கிளையைக்கூடத் தந்தை தறிக்கிறார் என்று, தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவிலே ஆண்டவர் சொன்னார். அவர் சொன்னது திராட்சைக் கொடியைப் பற்றி. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் நம் ஊரில் அது தேறாது. பழுக்கும் வேளையில் மழை பெய்தால் பழம் வெடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். கொடியைக் காண யாழ்ப்பாணத்துக்கோ, தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்குக்கோ செல்லவேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்துப் பன்னீர்த் திராட்சையின் இனத்தை, 1832இல் பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பர்.

ஆண்டவர் வாழ்ந்த நாட்டில் குளிர்காலம் கொடியை உறங்கவைக்கும். வசந்தம் அதை எழுப்பும். கம்பத்தில் அத்தகைய குளிர் இல்லை. வெட்டாது விட்டால் கொடி பந்தல் முழுவதும் படர்ந்து இலையாகவே நிற்கும். ஆகவே உழவர், முற்றிய கிளையில் நான்கைந்து கணுக்களை மட்டும் விட்டு மீதியை வெட்டுகிறார். அன்றுதான் பருவம் பிறக்கிறது. கணு துளிர்த்து, பூத்து, ஏறத்தாழ 4 மாதங்களில் கருநிறக் குலை தொங்கும். அக்குலையின் கருவோ, கத்தி படுமுன்னரே அந்தக் கணுவுக்குள் உருவாகியிருந்தது! (இரசத்தின் சிவப்பும் சாற்றில் இல்லை, தோலில் இருக்கிறது, தோலோடு புளிக்கவைத்தால்தான் சிவக்கும். திருப்பலிக்கு வெள்ளை இரசமும் தகும். அது திராட்சைக் கனியிலிருந்து வந்த, கெடாத, இயற்கையான இரசமாயிருப்பதையே திருச்சபைச் சட்டம் 924 கேட்கிறது.)

வருமானம் நின்றுபோன வீட்டில், பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பிய வீட்டில், ஆண்டவர் ஏன் இப்படி வெட்டுகிறார் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். எல்லா இழப்பையும் தந்தையின் கத்தி என்று சொல்ல நான் துணியேன். போதாத கூலி மனிதர் செய்த வேலை. ஆனால் தறித்தலைச் சொன்ன ஆண்டவர், உடனேயே தம்மில் நிலைத்திருப்பதைப் பற்றியும் பேசுகிறார். இதை விளக்கக் கொடியைவிட நம் தேயிலையே பொருத்தமானது.

கவ்வாத்துக்கு முன் செடிக்குச் சில வாரங்கள் ஓய்வு கொடுப்பார்கள். பின் வேர்த்துண்டு ஒன்றை வெட்டி அயடின் தடவிப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து சேர்ந்திருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிடில் அச்செடி வெட்டைத் தாங்காது, பட்டுப்போகும். அப்போது கவ்வாத்தைத் தள்ளிவைப்பார்கள்.