எக்ஸெல்ல ₹ டைப் பண்றீங்களா? டோட்டலை ஒரு தடவை செக் பண்ணிடுங்க!

இன்னைக்கு ஒரு சின்னக் குறியீட்டைப் பத்திப் பார்க்கப் போறோம். நாம தினமும் பார்க்கிற ₹ தான் அது.

ஒரு கிளையன்ட், மாச வாடகை 18,000 ரூபாய். ஐடிஆர் போட 12 மாசக் கணக்கை எக்ஸெல்ல அனுப்பினார். டோட்டல் 2,16,000 வரணும். ஆனா ஷீட்ல இருந்தது 1,44,000. வரிசையா பார்த்தா 12 மாசமும் இருக்கு. அப்போ 72,000 எங்க போச்சு?

4 மாசத் தொகையை மட்டும் அவர் வாட்ஸ்அப் மெசேஜ்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டியிருந்தார். அதுல முன்னாடி ₹ இருந்தது. அவரோட லேப்டாப்ல ரீஜியன் செட்டிங் அமெரிக்கா. அதனால எக்ஸெல்லுக்கு அது பணமா தெரியல, வெறும் எழுத்தா தெரிஞ்சது. சம் ஃபார்முலா எழுத்தைக் கூட்டாது. எரர்கூட காட்டாம அப்படியே விட்டுடும்.

ஏன் இப்படி?

கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண். தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ₹ குறியீட்டுக்கு மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஒப்புதல் கொடுத்தது. அதே வருஷம் அக்டோபர்ல யூனிகோட் 6.0-ல அதுக்கு 8377-ங்கிற எண் கிடைச்சது. பழைய ₨ குறியீட்டோட எண் 8360. நம்ம தமிழ் ரூபாய்க் குறி ௹ 3065. நமக்கு மூணும் ரூபாய்தான், கம்ப்யூட்டருக்கு மூணும் வேற வேற எழுத்து. ₹-ஐத் தேடினா ₨ கிடைக்காது.

எஸ்எம்எஸ்லயும் இந்தக் கதை உண்டு. எஸ்எம்எஸ்ஸோட அடிப்படை எழுத்துப் பட்டியல்ல ₹ கிடையாது. ஆங்கில மெசேஜ்ல ஒரே ஒரு ₹ சேர்த்தாலும் 160 எழுத்து பிடிக்கிற இடத்துல 70 தான் பிடிக்கும். மெசேஜ் ரெண்டு மூணா உடைஞ்சா செலவும் கூடும். ஆர்எஸ், ஐஎன்ஆர்னு எழுதினா அந்தப் பிரச்சினை இல்லை.

சரி, என்ன பண்ணணும்?

1. முதல்ல கண்ணால பாருங்க. நீங்க அலைன்மென்ட் எதுவும் மாத்தலைன்னா, எண் செல்லோட வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம் நிற்கும். இடது பக்கம் நிற்கிற தொகை எல்லாமே சந்தேகக் கேஸ்.

2. அந்தக் காலத்தை செலக்ட் பண்ணி, கன்ட்ரோல் + எச் அழுத்துங்க. தேடுற இடத்துல ₹, மாத்துற இடத்துல எதுவும் போடாம ரீப்ளேஸ் ஆல் குடுங்க. ₨ இருந்தா அதுக்குத் தனியா ஒரு தடவை. கமா, ஸ்பேஸ் இருந்தாலும் இதே மாதிரி எடுத்துடுங்க.

3. அப்புறம் கன்ட்ரோல் + 1 அழுத்தி, கரன்சி ஃபார்மட்ல ₹ தேர்ந்தெடுங்க. இப்போ செல்லுக்குள்ள இருக்கிறது வெறும் 18000. ₹ அதுக்கு மேல போட்ட சட்டை மட்டும்தான், கூட்டலைத் தொடாது.

4. கவுன்ட் ஃபார்முலா போட்டுப் பாருங்க. அது எண்களை மட்டும்தான் எண்ணும். 12 மாசத்துக்கு 12 வரணும். 8 வந்தா, 4 செல் இன்னும் எழுத்தாவே இருக்குன்னு அர்த்தம்.

லெட்டர், இன்வாய்ஸ்ல ₹ டைப் பண்ணணுமா? விண்டோஸ்ல இங்கிலீஷ் இந்தியா கீபோர்டை வச்சுக்கிட்டு, வலது பக்க ஆல்ட் + 4 அழுத்தினா போதும்.

அந்த 72,000-ஐ கவனிக்காம ஃபைல் பண்ணியிருந்தா, 30% ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் போக 50,400 ரூபாய் வருமானத்தைக் குறைச்சுக் காட்டியிருப்போம். நோட்டீஸ் வந்தா "எக்ஸெல் கூட்டலை சார்"னு பதில் சொல்ல முடியாது. ரிட்டர்ன்ல இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பு நாமதான்.

அதனால உங்க ஆடிட்டருக்கு ஷீட் அனுப்புறதுக்கு முன்னாடி, இடது பக்கம் ஒட்டி நிற்கிற தொகை ஏதாவது இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. ரெண்டு நிமிஷ வேலைதான்!